தட்டிப் பார்த்த சக்கரம்

பீங்கானைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பொம்மை ரயிலைப் பற்றிச் சொல்லப் போறேன், மன்னிக்கணும்.

என் அப்பா விருத்தாசலம் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்திலேயே கீறலைக் கண்டுபிடித்தவர். அவருக்காக 87-இல் ஒரு பங்கு அளவில் ஒரு கூட்ஸ் வண்டி வாங்கி ஓடவிட்டேன். பார்த்துவிட்டு, "என்னடா, சத்தமே வரலியே?" என்றார். பிளாஸ்டிக் சக்கரம்! அழுக்கும் சீக்கிரம் அப்பிக்கொள்ளும்.

உலோகத்துக்கு மாற்ற நினைத்தேன். நம் அகலப்பாதை வேகனின் புதுச் சக்கரம் 1000 மி.மீ. விட்டம், 87-ஆல் வகுத்தால் 11.5. ரெடிமேடாக வருவதோ பெரும்பாலும் அமெரிக்க அளவு, 9.6 அல்லது 10.5. அப்பா கண்ணுக்கு அது தப்பாதே! லேத்தில் பித்தளையில் கடையச் சொன்னேன். அச்சு நீளம் கூடினால் இறுகும், குறைந்தால் கழன்று விழும். அதையும் அளந்து கொடுத்தேன்.

தண்டவாளத்தில் வைத்ததும் ஷார்ட்! இரு தண்டவாளங்களுக்கும் இடையே 12 வோல்ட். ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே காப்பு வேண்டாமா? இன்சுலேட்டர் பாடம் படித்தவன் லட்சணம் இது. (சிரிக்காதீங்க சார், நீங்க நடத்தினதுதான்.) சக்கரங்களைக் கழற்றி நைலான் புஷ் போட்டு, மல்டிமீட்டரில் பார்த்து மாட்டினேன்.

ரயில் ஓடியது. அப்பா கையால் நிறுத்தினார். ஒரு வேகனைத் தூக்கிக் காதருகே வைத்து, நகத்தால் சக்கரத்தைத் தட்டினார்.

"போகலாம்" என்றார்.