மலை தந்த வெள்ளம்



கடலோரத்தில் புயல் என்றால் மலைநாட்டாருக்கு என்ன கவலை என்று எண்ணுவோர் உளர். வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் வடகிழக்குப் பருவக்காற்று பழனி மலைச்சரிவில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாகிறது. அந்த மழை ஆறாகிச் சமவெளிக்கு இறங்குகிறது. ஆகவே கடலும் மலையும் ஊரும் ஒரே கயிற்றின் முடிச்சுகள்.

கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் வழியாக வடக்கே ஓடி அமராவதியில் கலப்பது குடகனாறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே தெரியும். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தருகே ஒரு புயல் கரையேறியது. நான் அப்போது பள்ளி மாணவன். வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் இந்த ஆற்றின் குறுக்கே கட்டிய மண் அணை அவ்வாண்டு வெள்ளத்தில் உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டதால் மதகுக் கதவுகளை ஓரளவே உயர்த்த முடிந்தது. நீர் அணையின் தலைமேல் வழிந்து கரையை அரித்துவிட்டது.

ஆசிரியனான பின், ‘மரம் இருந்தால் வெள்ளம் இல்லை’ என்று ஆண்டுதோறும் கற்பித்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்தது. மண் சரிந்து சாலைகள் அடைபட்டன. மறுவாரம் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, மரங்களே விழுந்துவிட்டனவே?” என்றாள். எனக்கு உடனே விடை வரவில்லை.

நான் கற்பித்தது பாதி உண்மையே. பழனி மலையின் பழைய போர்வை, பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் ஆகும். சோலையின் இலைமக்கு நீரை உறிஞ்சும். புல்லின் வேர் மண்ணைப் பற்றும். இரண்டும் மழைநீரைச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடும். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி பின்னர் வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோப்புகளாயிற்று. மரம் வேறு, சோலை வேறு என்பதை நான் சொல்லித் தரவில்லை.

மறுபாதியும் உண்டு. நாள் முழுதும் பெருமழை பெய்து மண் நிறைந்துவிட்டால், சோலையும் மேற்கொண்டு நீரைத் தாங்காது. அப்போது காப்பவை வேறு: அடைபடாத ஓடை, வெட்டப்படாத சரிவு, மின்சாரம் நின்றாலும் கையால் திறக்கக்கூடிய மதகு, முன்கூட்டியே எட்டும் எச்சரிக்கை.

காட்டைக் காப்பது நெடுங்காலக் கடமை. மதகைப் பழுது பார்ப்பது இந்த ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டிய கடமை. ஒன்றைச் செய்தோம் என்று மற்றொன்றை விடலாகாது. அந்த மாணவிக்கு அன்று சொல்லத் தவறிய விடை இதுவே.