மறந்த பெயரைப் பாடிய இசைத்தட்டு

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமெய்க்காவில் பிறந்த ரெகே இசை இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. அதன் பெயரைக் கேட்டவுடன் பாப் மார்லியை நினைப்பவரே பலர். அவர் காலத்தவரான வின்ஸ்டன் ராட்னி, 'பர்னிங் ஸ்பியர்' என்ற பெயரில் 1975-இல் வெளியிட்ட 'மார்க்கஸ் கார்வி' என்னும் இசைத்தட்டைப் பற்றி நேயர்களுடன் சிறிது உரையாடக் கருதுகிறோம். எரியும் ஈட்டி என்று பொருள்படும் அப்பெயர், கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் சிறப்புப் பெயரை ஒட்டி அமைந்தது.

மார்க்கஸ் கார்வி யார்? 1887-இல் ஜமெய்க்காவின் செயின்ட் ஆன்ஸ் பே என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் அச்சுத் தொழில் பயின்றவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் தம் தொன்மையை உணர்ந்து தலைநிமிர வேண்டும் என்று 1914-இல் ஓர் இயக்கம் கண்டார். பின்னர் நியூயார்க் சென்று அதனை வளர்த்தார். 1923-இல் அஞ்சல் மோசடி வழக்கில் தண்டிக்கப்பெற்று, 1927-இல் நாடு கடத்தப்பட்டு, 1940-இல் லண்டனில் காலமானார். அவருடைய உடல் 1964-இல்தான் தாய்மண் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு 2025 ஜனவரியில் வந்தது.

ராட்னியும் அதே ஊரில் பிறந்தவர். தம் ஊர்ப் பெரியவரை ஊரே மறந்துவிடலாகாது என்னும் ஏக்கமே இவ்விசைத்தட்டின் உயிர். ஒரு பாட்டு அடிமைக் காலத்தை நினைவூட்டுகிறது. மற்றொன்று கார்வியை நினைப்பார் இல்லையே என்று இரங்குகிறது. ரூபர்ட் வில்லிங்டன், டெல்ராய் ஹைன்ஸ் இருவரும் உடன்பாடினர். ஓச்சோ ரியோஸ் நகரத்து ஜாக் ரூபி தயாரித்தார். ரெகேயில் பெரும்பாலும் நான்கடித் தாளத்தின் முதல் அடியில் பெருமுரசு மௌனமாயிருக்கும். மூன்றாம் அடியில்தான் அது விழும். அந்த இடைவெளியில் ராட்னியின் குரல் பாடுவதினும் ஓதுவது போலவே எழுகிறது.

தலைப்புப் பாட்டு முதலில் ஜாக் ரூபி தம் ஒலிபெருக்கி அரங்கிற்கென்றே பதிவு செய்தது. பெரும் ஒலிபெருக்கிகளை நிறுத்தி இசைத்தட்டுகளை முழக்கி மக்களை ஆடச் செய்யும் இத்தகைய அரங்குகள் அத்தீவில் பெயர்பெற்றவை. கேட்ட மக்கள் விரும்பவே, பாட்டு வெளியாகிப் புகழ்பெற்றது. பின்னர் லண்டனைச் சார்ந்த ஐலண்டு நிறுவனம் இசைத்தட்டை வெளிநாடுகளுக்குக் கொண்டு சென்றது. கொண்டு செல்லும்போது, வெள்ளையர் செவிக்கு இதமாக இருக்கட்டும் என்று கருவிகளின் ஒலிக்கலவையை மாற்றியமைத்தது. ராட்னிக்கு அது உவப்பாயில்லை. தம் இசையைத் தாமே வெளியிடத் தனி நிறுவனம் தொடங்கினார்.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றவில்லை. மூலத்தின் கரடுமுரடை அப்படியே தந்தால் படிப்பவர் திகைப்பர். முழுதும் வழித்துவிட்டால் எழுதியவரே அதில் இல்லாமற்போவார். ஐலண்டு நிறுவனத்தை முற்றிலும் பழிக்கவும் நாம் ஒருப்படோம். அது அனுப்பிய தட்டு வாயிலாகவே உலகின் பல நாடுகள் கார்வியின் பெயரை இசையில் கேட்டன. திறனாய்வாளரும் அதனை ரெகேயின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக வைத்தனர். ஆயினும் எதைக் குறைக்கலாம், எதைத் தொடலாகாது என்று முடிவு செய்யும் உரிமை பாடியவனுக்கே முதலில் உண்டு என்பது நம் எண்ணம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாமும் நாள்தோறும் இத்தகைய மாற்றங்களைச் செய்துவருகிறோம். அண்டை வீட்டார் உண்ணும்போது இரசத்தில் மிளகைக் குறைக்கிறோம். அவர்கள் நாவுக்கு எளிதாகட்டும் என்று நம் பெயரைச் சுருக்குகிறோம். இவை நாமே மனமுவந்து செய்பவை, விருந்தோம்பலின் பகுதி. ஆனால் பிள்ளைகள் சுருங்கிய பெயரை மட்டும் அறிந்து, முழுப் பெயரை அறியாமல் வளர்வார்களாயின், அதற்குப் பிறரைக் குறை கூறுதல் இயலாது. பிறந்த ஊர், அங்கு வாழ்ந்த பெரியவர், அவர் பட்ட பாடு ஆகியவற்றை வீட்டுக்குள்ளேனும் குறைக்காமல் சொல்லிவைப்பது நம் கடமை.

ராட்னி தம் வழியிலேயே நெடுங்காலம் பாடி, 2000-இலும் 2009-இலும் கிராமி விருது பெற்றார். தம் ஊர்ப் பெரியவர் பெயரை அவர் விடவே இல்லை.