காலமெல்லாம் மாத்திரை: காசு யார் கொடுப்பது?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்துக்கடையில் பல வருஷம் நின்றவன் என்பதால், மருந்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டியவரிடம் அந்த மருந்துக்குக் காசு வாங்கலாமா? கூடாது என்பது என் கட்சி.

காய்ச்சல் வந்தால் ஐந்து நாள் மாத்திரை. கடன் வாங்கியாவது வாங்கிவிடுவோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு இதெல்லாம் அப்படியில்லை. மாதா மாதம் வீட்டு வாடகை போல வந்து நிற்கும் செலவு. ஆனால் வாடகைக்காரர் வாசலில் வந்து கேட்பார். கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அடுப்பு எரியாது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, வலிக்கவும் வலிக்காது. அதனால் கைச்செலவுக்கு முடை வந்தால் முதலில் கைவைப்பது இதில்தான்.

"அட்டை வேண்டாங்க, பத்து மாத்திரை மட்டும் கொடுங்க" என்பார்கள். அடுத்த தடவை அது ஐந்தாகும். டாக்டர் இரண்டு வேளை எழுதியதை ஒரு வேளையாக்கிக் கொள்பவர் உண்டு. கணவன் மனைவி இருவருக்குமே பிரஷர் இருக்கும் வீட்டில், கணவருக்கு முழு அட்டை வாங்குவார்கள். அந்த அம்மா "எனக்கு இப்போ பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார். எப்படிப் பரவாயில்லை என்று தெரிந்தது? அளந்து பார்த்ததாக இருக்காது.

இப்படி மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது? கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அந்தச் செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் கடைசியில் டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் சமுதாயம், ஆரம்பத்தில் மாத்திரைக்குக் கொடுப்பது அதைவிட எவ்வளவோ மலிவு இல்லையா?

"சும்மா கிடைச்சா அருமை தெரியாது, வாங்கி வீணடிப்பாங்க" என்று ஒரு வாதம் உண்டு. 1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதையே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்கு மருத்துவம் முழுக்க இலவசம். மற்றவர்கள் ஒரு பங்கு காசு கொடுக்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் மருத்துவத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அது உண்மை. ஆனால் வேண்டாததை மட்டுமா குறைத்தார்கள்? அவசியமானதையும் சேர்த்தே குறைத்தார்கள். எது அவசியம் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அது தெரியாமல்தானே டாக்டரிடம் போகிறார்!

"சரி, ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும் இலவசமாக் கொடுப்போம்" என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பிரிட்டன் கதையைப் பாருங்கள். 1948ல் அங்கே தேசிய மருத்துவத் திட்டம் வந்தபோது மருந்துக்குக் காசு கிடையாது. 1952ல் ஒரு சீட்டுக்கு ஒரு ஷில்லிங் என்று கட்டணம் வைத்தார்கள். 1965ல் எடுத்தார்கள், 1968ல் திரும்ப வைத்தார்கள். அப்போது, இன்னின்ன நோய்க்கு மட்டும் விலக்கு என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு விலக்கு உண்டு, ஆஸ்துமாக்காரருக்கு இல்லை. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயும் பட்டியலில் இல்லை. அந்தக் காலத்தில் அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகும் வரை பிழைப்பதே அரிது. இன்று மருத்துவ முன்னேற்றத்தால் பிழைத்து வளர்கிறார்கள். வளர்ந்த பிறகு மருந்துக்குக் காசு கேட்கிறார்கள்! அந்தப் பட்டியலில் புற்றுநோயைச் சேர்க்கவே 2009 ஆயிற்று. நீண்டகால நோயாளிகள் எல்லோருக்குமே விலக்குக் கொடுக்கலாம் என்று 2010ல் ஓர் ஆய்வறிக்கை சொன்னது. இங்கிலாந்தில் அது நடக்கவில்லை. பக்கத்திலேயே வேல்ஸ் 2007ல், வட அயர்லாந்து 2010ல், ஸ்காட்லாந்து 2011ல் மருந்துக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பட்டியல் போட்டால் யாராவது ஒருவர் வெளியே நிற்பார் என்பதே இதில் நமக்குப் பாடம்.

நம் ஊருக்கு வருவோம். நம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு இல்லை. இதில் நாம் பெருமைப்பட விஷயம் இருக்கிறது. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு மருந்து கொடுத்த முறையை மற்ற மாநிலங்களும் வந்து பார்த்துப் பின்பற்றின. ராஜஸ்தானின் இலவச மருந்துத் திட்டம் 2011ல் தொடங்கியதும் இதே வழியில்தான்.

அப்படியிருந்தும் ஏன் இத்தனை பேர் வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? அங்கே காசு இல்லை, ஆனால் விலை உண்டு. ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வரிசையில் பாதி நாள். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு நாள் சம்பளம் போனால் அது இலவசமா? 2021ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது இந்த விலையை உணர்ந்துதான். அந்த வழியில் இன்னும் போக வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். வேலை முடிந்து வருபவருக்காக மாலையில் ஒரு கவுண்ட்டர் திறக்கலாம்.

"வசதியுள்ளவனுக்குமா இலவசம்?" என்பீர்கள். ஆமாம். வசதியுள்ளவனிடம் வரியாக வாங்குங்கள், கவுண்ட்டரில் வாங்காதீர்கள். புதிது புதிதாக வரும் விலை உயர்ந்த மருந்து எல்லாவற்றையும் இன்றே கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு, மனநோய் இவற்றுக்கான அடிப்படை மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். மொத்தமாக வாங்கினால் மலிவு. அதிலிருந்து தொடங்கலாம்.

மாணவ மாணவியருக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்தத் தேதியில் வாங்கியது, எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். கணக்கு இடித்தால் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பழைய மாணவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், அதிகாரிகள் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் வரும் நோயாளியிடம் "மாத்திரை சாப்பிட்டாயா?" என்பதோடு "வாங்க முடிந்ததா?" என்றும் கேளுங்கள்.