திராட்சையும் அருவியும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்கு வடக்கே ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளத்திற்குத் திராட்சைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கும் நாபா பள்ளத்தாக்கையும், கிழக்கே ஸியெரா நெவாடா மலைத்தொடரில் 1890 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் யோஸெமிட்டியையும் நான்கைந்து தினங்களில் காரிலேயே கண்டு வர விரும்புகிறவர்கள், முதலில் பருவத்தை நிர்ணயித்துக்கொண்டு பிறகே வரைபடத்தை விரிக்க வேண்டும்.

739 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் யோஸெமிட்டி அருவி, பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் பெரும் பிரவாகமாகப் பொங்கி, ஆகஸ்டு மாதத்தில் பெரும்பாலும் வற்றிப்போக, நாபாவின் அறுவடையோ அந்த ஆகஸ்டில்தான் தொடங்கி அக்டோபர் வரை நடைபெறுகிறதாகையால், அருவியின் பூரண சௌந்தரியமும் அறுவடையின் கோலாகலமும் ஒரே யாத்திரையில் கிட்டுவது அரிது. யோஸெமிட்டி பூங்காவில் 3,031 மீட்டர் உயரத்திலுள்ள டையோகா கணவாய்ப் பாதை குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டிருக்கும் என்பதையும், யோஸெமிட்டி பள்ளத்தாக்கினுள் பெட்ரோல் நிலையம் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

1976-ல் பாரிஸில், பெயர் அறியாமல் சுவைத்துப் பார்த்த பிரெஞ்சு நடுவர்களே முதலிடம் அளித்த கீர்த்தி நாபாவின் மதுவுக்கு உண்டு. ஆயினும் வண்டி ஓட்டுகிறவர் அன்று அதைத் தொடாதிருப்பதே உத்தமம். ஆகவே தோட்டங்களுக்கென ஒரு முழு நாளை ஒதுக்கி, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை தெளிந்த சித்தத்தோடு, யோஸெமிட்டிக்கான 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப் பிரயாணத்தைத் தொடங்குவதே, உடன் வருபவர்களின் உயிருக்கும், எதிரே வருபவர்களின் உயிருக்கும் நாம் செலுத்தும் மரியாதையாகும்.