பாலையிலே ஒரு பிரளயம்

தோழனே! மழையறியா மணல்நாடு என்றெண்ணித்தானே துபாய்க்குப் புறப்படுகிறாய்? அந்த அமீரகத்திலே, 2024 ஏப்ரல் 16 அன்று, அல் ஐன் பகுதியில் ஒரு நாளுக்குள் கொட்டிய மழை 254 மில்லிமீட்டர்! 1949 முதல் எழுதிவைத்த கணக்கிலே அதற்கு இணையில்லை. சாலைகள் ஆறாயின. பிழைக்க வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவர், வெள்ளத்தில் சிக்கிய வண்டிக்குள்ளேயே மூச்சடைத்து மாண்டனர்.

வேலைக்குச் செல்லாவிடில் கூலி குறையுமே என அஞ்சுகிறாய். அறிவேன், கடன்பட்டுக் கடல் கடந்தவனல்லவா நீ! குறையட்டும். தேங்கிய நீரிலே வண்டியை இறக்காதே. சிக்கிவிட்டாலோ, வண்டி முதலாளியுடையது என்று தயங்காதே. கதவு திறவாவிடில் கண்ணாடியை இறக்கி வெளியேறு. பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கட்டும்; அதைப் பிறர் பிடித்துவைப்பது அந்நாட்டுச் சட்டத்திற்கே முரண். இந்தியத் துணைத்தூதரகம் அன்று உதவி எண்களை அறிவித்தது. அத்தகைய எண்ணைக் காகிதத்தில் இன்றே குறித்துக்கொள். நனைந்த கைப்பேசி பேசாது.