கலைத்த ஐந்தாம் நாள்

2013 செப்டம்பர் 18-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் டோனி அபாட் பிரதமராகப் பதவியேற்றார். மறுநாளே சுற்றுச்சூழல் அமைச்சர் கிரெக் ஹன்ட், விஞ்ஞானி டிம் ஃபிளானரியைத் தொலைபேசியில் அழைத்தார். ஃபிளானரி தலைமை வகித்த பருவநிலை ஆணையத்தை அரசு கலைத்துவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது அரசு சொன்ன கணக்கு.

அப்படி என்ன செய்தது அந்த ஆணையம்?

2011-இல் ஜூலியா கில்லார்ட் அரசு அதை அமைத்தது. பருவநிலையில் நடப்பதை எந்தக் கட்சிக்கும் சாயாமல் மக்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் வேலை. ஆணையர்கள் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்தினார்கள். கேள்விகளுக்கு நேரில் பதில் சொன்னார்கள்.

2012 டிசம்பர் முதல் 2013 பிப்ரவரி வரை நீண்ட கோடையைக் கொஞ்சம் பாருங்கள். ஆமாம் நேயர்களே, அங்கே ஜனவரிதான் நடுக்கோடை! அந்நாட்டு வானிலை மையத்தின் வெப்ப வரைபடத்தில் 50 டிகிரிக்கு மேல் காட்ட நிறமே இல்லை. அந்த ஜனவரியில் 54 டிகிரி வரை காட்டுவதற்காகக் கரு ஊதாவையும் இளஞ்சிவப்பையும் புதிதாகச் சேர்த்தார்கள். 90 நாளில் 123 வானிலைச் சாதனைகள் முறிந்தன என்று ஆணையம் தொகுத்து வெளியிட்டது. அறிக்கைக்கு வைத்த தலைப்பு, ‘கோபக் கோடை’. எந்த அரசு அறிக்கைக்கு இப்படிப் பெயர் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள்?

ஆணையர்களில் ஒருவர் மும்பையில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்த வீணா சஹாஜ்வாலா. உருக்கு உலையில் போடும் நிலக்கரியில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பழைய டயரைப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தவர். நம் ஊரில் பஞ்சர் கடை வாசலில் குவிந்து கிடக்குமே, அதே டயர்தான்!

சரி, கலைத்த பிறகு? அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஐந்தாம் நாள், செப்டம்பர் 24 அன்று, ‘பருவநிலை மன்றம்’ என்ற பெயரில் மக்களிடமே நன்கொடை கேட்டுத் திரும்ப வந்தார்கள். பத்தும் இருபதுமாக வந்த பணம் ஓரிரு வாரங்களில் சுமார் 10 லட்சம் டாலரைத் தொட்டது. மன்றம் இன்றும் இயங்குகிறது.

கலைக்கப்பட்ட ஆணையத்துக்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. கார்பன் குறைப்பு இலக்குகள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் பருவநிலை மாற்ற ஆணையம், 2012-இல் பணியைத் தொடங்கியது. அதையும் ஒழிக்க அபாட் அரசு முயன்றது, முடியவில்லை. முன்னது அரசாணையில் பிறந்தது, ஒரே நாளில் போயிற்று. இதுவோ நாடாளுமன்றச் சட்டத்தில் பிறந்தது. மேலவை ஒப்புதல் இல்லாமல் கைவைக்க முடியாது. 2014 ஜூனில் சுரங்க அதிபர் கிளைவ் பால்மர், அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலவையில் தம் கட்சி உறுப்பினர்கள் அதைக் காப்பார்கள் என்று அறிவித்தார். சுரங்க அதிபரா காப்பாற்றினார் என்கிறீர்களா? அவரேதான்!

நேரமாகிவிட்டது, நேயர்களே. 2005 அளவிலிருந்து 2030-க்குள் 43 விழுக்காடு குறைப்பு என்ற இலக்கை ஆஸ்திரேலியா 2022-இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்திலும் பருவநிலை மாற்ற ஆணையத்தின் ஆலோசனைக்கு இடம் உண்டு. அடுத்து எந்தக் கட்சி வந்தாலும் அந்த இடம் அப்படியே இருக்கும் என்று நம்புவோம்.