கட்டுச்சோறும் திறந்த வெளியும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் மிளகு மணத்தை விட்டு மேற்கே நடந்தால், கோட்டைக் கொச்சியின் பரேட் மைதானத்தை அடையலாம். அந்நியப் படைகள் அணிவகுத்த அந்நிலத்தில் இன்று சிறுவர் பந்து உதைக்கின்றனர். அதற்கு அண்மையில், வெளி என்னும் பகுதியில், சலவைத்தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

நம்மில் பலர் இளமையில் அறிந்த ஆட்டம் சடுகுடு. மண்ணில் ஒரு கோடும் நெஞ்சில் ஒரு மூச்சும் போதும்; வேறு கருவி வேண்டா. கபடி என்ற பெயரில் 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் ஈட்டித் தந்ததும் இதுவே. ஆடிக் களைத்தபின் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து உண்ட புளியோதரையின் சுவையை மறக்க இயலுமோ? சோற்றை நன்கு ஆறவிட்டு, புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால், மாலைவரை கெடாது. அதே பசிக்கு மலையாள நாட்டார் கஞ்சியும் பயறும் வைப்பர். பலாவிலையை மடித்துக் கரண்டியாகக் கொள்வர்.

இங்கே பிறந்த நம் குழந்தைகளுக்குத் தமிழ் அடுக்களை மொழியாகவே சுருங்கிவிடுமோ என்னும் கவலை நமக்கு உண்டு. ஞாயிறுதோறும் அவர்களை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சடுகுடு பாடக் கற்றுக்கொடுங்கள். கூட ஆடும் மலையாளச் சிறுவருக்கும் சேர்த்து, கட்டுச்சோற்றை இரண்டு பிடி மிகுதியாகவே கட்டுங்கள். அவர்கள் வீட்டுக் கஞ்சி நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.